நைட் ஷிப்டு நோயாளி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கிறிஸ்டினாவுக்கு வாய் இருந்தது. வீட்டில் அதைத் திறக்கத்தான் வழியில்லை. அப்பா ஆனந்த்ராஜுக்குச் சுரங்கத்தில் நைட் ஷிப்டு. பகலில் அவர் தூங்கும்போது அந்தச் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குக்கர்கூட விசில் அடிக்காது. அம்மாவும் மகளும் கைச்சாடையிலேயே சண்டை போட்டு, கைச்சாடையிலேயே சமாதானம் ஆவார்கள்.

அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. மார்க் இருந்தது. ஆனால் அவள் விண்ணப்பித்த கல்லூரியில் நோயாளியிடம் பழகத் தெரிகிறதா என்றும் பார்த்துத்தான் சீட் தருவார்கள். கட்டிலில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். நெடுநேரம் காக்கவைத்துவிட்டார்கள் என்று கத்துவார். அவரைப் பேசி அமைதிப்படுத்த வேண்டும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல், ஒரு வாரமாகப் பேச்சை மனப்பாடம் செய்திருந்தாள்.

தேர்வன்று அறைக்குள் போனால் நோயாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அய்யனார், காண்ட்ராக்ட் தொழிலாளி. கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். கத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சுரங்கத்தில் நைட் ஷிப்டு முடிந்து, போட்டிருந்த ஷிப்டு சட்டையோடு நேராக இங்கே வந்து, காலையெல்லாம் கத்தித் தீர்த்துவிட்டு அசந்துபோயிருந்தார்.

மேசையருகே இருந்த கல்லூரி முதல்வர் லூசியம்மாள், அவரை எழுப்பச் சொல்லிக் குரலை உயர்த்தினார். கிறிஸ்டினா சட்டென்று திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள். அதுவும் முதல்வரைப் பார்த்து. செய்த பிறகுதான் உறைத்தது. சீட் போனது போனதுதான். ஆனாலும் பழகிய கை சும்மா இருக்குமா? அய்யனார் முகத்தில் வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டது. ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்திப் போட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கல்லூரியில் தன்னையே ஒருத்தி அடக்கிவிட்ட அதிசயத்தில் லூசியம்மாளும் வாயை மூடிக்கொண்டார்.

சற்று நேரத்தில் அய்யனார் திடுக்கிட்டு விழித்தார். ஷிப்டு தவறிவிட்டதோ என்று காலால் செருப்பைத் தேடினார். டவுன்ஷிப்பில் தூங்கி எழுகிறவரிடம் முதலில் நேரத்தைத்தான் சொல்வார்கள்.

"மணி ரெண்டுதாங்க ஆவுது. ஷிப்டு பஸ்ஸுக்கு இன்னும் நெறைய நேரம் இருக்கு, பதறாதீங்க," என்றாள் தாழ்ந்த குரலில். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

அய்யனார் லூசியம்மாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "கோவப்படணும்னு சொன்னீங்க மேடம். இந்தப் பொண்ணுகிட்ட வர மாட்டேங்குது."

லூசியம்மாள் சிரித்துவிட்டார். கிறிஸ்டினாவுக்கோ அழுகை முட்டியது. "மன்னிச்சிடுங்க மேடம். நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல."

"போதும்மா," என்றார் லூசியம்மாள், அவளைப் போலவே குரலைத் தாழ்த்தி. "திங்கக்கெழம கிளாஸுக்கு வந்துடு."