வியாழக்கிழமை விரிப்பு

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்ததும் அம்மா முதலில் இறக்கியது அப்பாவை அல்ல. ஸ்ட்ரெச்சருக்கு அடியில் கிடந்த சிவப்புச் சுருளை. பழைய சேலைக் கிழிசலால் இரண்டு இடத்தில் கட்டியிருந்தாள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்ற பிறகுதான், காத்திருந்த ஆண்களிடம் "இப்ப எறக்குங்க" என்றாள்.

சென்னையிலிருந்து வழியெல்லாம் செவ்வந்தியின் கால் அந்தச் சுருளில்தான் இடித்துக்கொண்டு வந்தது. போர்வை என்று நினைத்திருந்தாள். கண்ணமங்கலத்தில் டிரைவர் டீக்கு நிறுத்தியபோதும், மலையேறும் வளைவுகளில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டபோதும் அவள் குனிந்து பார்க்கவில்லை. இப்போது வெயிலில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஓரத்தில் மஞ்சள் நூலில் ஆங்கில எழுத்துகள். லிஃப்டில் போடுகிற விரிப்பு.

அவர்கள் குடியிருப்பில் லிஃப்டுக்கு ஏழு விரிப்புகள், நாளுக்கு ஒன்று. அன்றைய கிழமையின் பெயர் அதில் நெய்திருக்கும். விடியும் முன் ஹவுஸ்கீப்பிங் ஆள் வந்து நேற்றையதைச் சுருட்டிவிட்டு இன்றையதை விரிப்பான். வீட்டுக் கடன் கிடைத்து, பதினேழாம் மாடியில் குடியேறிய அன்றே செவ்வந்திக்கு அதைப் பார்த்து எரிச்சல் வந்தது. என்ன கிழமை என்பதைக்கூடக் காலுக்குக் கீழே ஒருத்தன் எழுதிப் போட வேண்டுமா இவர்களுக்கு? ஆனால் அப்பாவுக்கு அது பிடித்துப் போயிற்று. கையெழுத்துப் போடுவதோடு படிப்பை முடித்துக்கொண்ட கோவிந்தன், அந்த ஏழு சொற்களையும் செக்யூரிட்டியிடம் கேட்டுக் கேட்டுப் படித்துவிட்டார். காலையில் அம்மா என்ன கிழமை என்று கேட்டால், "இரு, கீழ போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். லிஃப்டிலேயே பதினேழு மாடி இறங்கி, பதினேழு மாடி ஏறி வந்து, "வென்ஸ்டே" என்பார். காபி அதற்குள் ஆறியிருக்கும்.

நேற்று வியாழக்கிழமை. அம்மாவும் அவருமாக நடக்கப் போகிறோம் என்று இறங்கினார்கள். பாதி வழியில் "கொஞ்சம் ஒக்காந்துக்கறேன்" என்று லிஃப்டின் தரையில் உட்கார்ந்தவர், அப்படியே அம்மாவின் மடியில் சாய்ந்துவிட்டார். கீழ்த்தளத்தில் கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் அடுத்த லிஃப்டுக்கு நகர்ந்துகொண்டாராம்.

மேலே செவ்வந்தி வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். போனில் வாசல் கேட்டிலிருந்து வழக்கமான கேள்வி வந்தது: உங்கள் வீட்டுக்கு வண்டி வந்திருக்கிறது, அனுமதிக்கலாமா? கூரியர் என்று நினைத்துச் சரி என்று அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் என்ன வண்டி என்று படித்தாள்: ஆம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவோடு அவர்கள் திரும்பியபோது அசோசியேஷன் செயலாளர் வாசலில் நின்றிருந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தாதவர். மேலே கொண்டு போவதானால் சர்வீஸ் லிஃப்டில் கொண்டு போங்கள், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றார். சர்வீஸ் லிஃப்ட் என்பது குப்பைத் தொட்டிகளும் வீட்டுவேலைக்கு வரும் பெண்களும் ஏறி இறங்குவது. செவ்வந்தி வாயைத் திறப்பதற்குள் அம்மா, "மேலயே வேணாம். ஊருக்குப் போலாம்" என்றாள். ஒரு சேலை எடுத்து வருகிறேன் என்று அவள் மட்டும் மேலே போய்வந்தாள். அப்போதுதான் எடுத்திருக்கிறாள் இதை.

ஊரில் அப்பாவைக் கிடத்தியதும் பெரியப்பா ராஜாக்கண்ணு முதலில் கேட்டது பாயைத்தான். எந்தப் பாயில் உயிர் போனதோ அந்தப் பாய் பிணத்தோடு குழிக்குப் போக வேண்டும். வீட்டில் தங்கினால் ஆகாது. பாய் இல்லாமல் அவர்கள் ஆட்களில் யாரையும் புதைத்ததில்லை. அம்மா சுருளை அவிழ்த்து விரித்தாள்.

பெண்கள் கூட்டத்தில் அழுகை ஒரு கணம் நின்றது. அத்தை செல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"இன்னாடி இது, இங்கிலீசுல எழுதிக் கீது?"

அம்மா விளக்கினாள். லிஃப்ட் என்றால் என்னவென்று தெரியாத ஊரல்ல. வேலூர் ஆஸ்பத்திரியில் ஏறாதவர்கள் யார்? ஆனால் அதற்குள் ஒரு மனிதன் சாக முடியும் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. எந்த மாடியில் போச்சு என்று ஒருத்தி கேட்டாள். எந்த மாடியிலும் இல்லை, நடுவில் என்றாள் அம்மா.

பெரியப்பா விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அழுத்தமாக, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"ஊரான் செருப்பு மிதிச்ச துணில என் தம்பியப் படுக்க வெக்கச் சொல்றியா? தரையில காலு பாவாத எடத்துல கொண்டுபோய் வெச்சீங்க. அந்தரத்துலயே பூட்டான். படிச்ச பொண்ணு சம்பாதிச்ச வூடு." செவ்வந்தியின் பக்கம் திரும்பினார். "உங்கம்மா இனிமே இங்கதான் இருப்பா. நீ வேணா போய்க்க."

அதற்குத்தான் அவள் பயந்துகொண்டு வந்தாள். வண்டியில் உட்கார்ந்ததிலிருந்து அழுகை வராததற்குக் காரணமே அதுதான். அப்பா போய்விட்டார், அது முடிந்துவிட்டது. அம்மாவையும் இங்கே நிறுத்திக்கொண்டால் அந்தப் பதினேழாம் மாடிக்குத் திரும்பிப் போக ஒருத்தியாக அவள்தான். பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டுக் கதவு எண் தெரியும், செருப்பு அலமாரி தெரியும்.

ஆனால் வாயில் வந்தது வேறு.

"இங்க வரைக்கும் ரோடு வராதப்ப பெரிம்மாவ டோலி கட்டித் தூக்கினு போனீங்களே பெரிப்பா. ரோட்டுக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சி. தரையிலதான காலு இருந்துச்சி அப்ப?"

பெரியப்பா மகன் இளவழகன் மண்வெட்டியோடு எழுந்து குழி வெட்டும் இடத்துக்குப் போய்விட்டான். சொல்லியிருக்கக் கூடாதுதான். சொன்னது பொய்யுமில்லை. செவ்வந்தி போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

கிடைத்ததும் போன் அடங்காமல் அதிர்ந்தது. குடியிருப்புக் குழுவில் வரிசையாகக் கைகூப்பிய படங்கள். ஒருவர் கைகூப்பியதும் மற்றவர்கள் அதையே கூப்பியிருந்தார்கள். நேரில் ஒருவர் வரவில்லை. அதற்குக் கீழே, தனியாக, செயலாளரின் செய்தி. துயரமான நேரம் என்று புரிகிறது. எனினும் கேமராப் பதிவில் உங்கள் தாயார் லிஃப்டின் வியாழக்கிழமை விரிப்பை எடுத்துச் செல்வது தெரிகிறது. ஏழும் ஒரே செட்டாக நெய்யப்பட்டவை, தனியாக ஒன்று வாங்க இயலாது. வசதிப்படும்போது திருப்பித் தரவும்.

இரண்டு முறை படித்தாள். அந்தக் கட்டிடத்தின் மீது வந்த கோபமும் இந்த ஊரின் மீது வந்த கோபமும் ஒன்றா வேறா என்று அவளுக்கே தெரியவில்லை. "அது திரும்பி வராது" என்று மட்டும் அடித்து அனுப்பினாள்.

திரும்பி வந்தபோது அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அழாமல், அடுப்பங்கரையில் பேசுவதுபோல.

"அவருக்கு அந்த வூடு புடிச்சிருந்திச்சி மாமா. இங்க முட்டி வலில ராவுல வெளியப் போக எந்திரிக்க மாட்டாம எத்தினி நாளு அழுதுக் கீறாரு, உங்களுக்குத் தெரியாது. அங்க உள்ளவே எல்லாம். தண்ணி தொறந்தா சுடுதண்ணி. லிஃப்ட்டுல நிக்கிறப்பல்லாம் சொல்வாரு, சாம மூட்டைய தலைல வெச்சினு மல ஏறுனவன்டி நானு, இப்ப பாரு, சும்மா நின்னுனே ஏறுறேன்னு." விரிப்பின் ஓரத்து நூலை நீவிவிட்டாள். "பேச ஆளில்ல. அதும் நெசம்தான். நேத்து ஒரு வூட்டுக் கதவு தொறக்கல. அதுக்காவ அவரு சந்தோசமா இருந்தது பொய்யாயிடுமா?"

பெரியப்பா எழுந்தார். விரிப்பின் இரு முனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், துணி துவைக்கும் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தார். கட்டிடத்தின் புழுதி வெயிலில் பறந்தது. ஒரு பக்கம் அடித்து, திருப்பி மறுபக்கமும் அடித்தார். யாரும் வாங்கிக்கொள்ளப் போகவில்லை. மூச்சு வாங்க நிறுத்தி, கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டார்.

தமுக்கும் கொம்பும் முன்னால் போக, அதன்பின் விரிப்பு போனது, அதன்பின் அப்பா.

குழிக்குள் இறங்கி விரித்தவரும் பெரியப்பாதான். மிதிபட்ட பக்கம் மண்ணைப் பார்க்கட்டும் என்று அவர் கவிழ்த்துப் போட்டார். பெண்கள் இவ்வளவு தூரம் வருவதில்லை. அம்மா வந்திருந்தாள், யாரும் தடுக்கவில்லை.

"திருப்பிப் போடுங்க மாமா," என்றாள். "எழுத்து மேல இருக்கட்டும். அவரு படிப்பாரு."

பெரியப்பா குனிந்து திருப்பிப் போட்டார். சுருக்கம் இல்லாமல் நான்கு மூலையையும் இழுத்துவிட்டார்.

புதைத்த ஆறாம் நாள் காலை, காரியமும் முடிந்து, செவ்வந்தி பையை அடைத்துக்கொண்டிருந்தாள். வருகிறாயா என்று அம்மாவை அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பதைவிட, கேட்கும்போது குரல் எப்படி வரும் என்பதுதான் பயமாக இருந்தது. பெரியப்பா ஒரு கோணியில் புளியும் சாமையும் கட்டிக்கொண்டு வந்து வைத்தார். ஒருத்திக்கு அது அதிகம்.

"ரெண்டு பேருக்கு வரும்," என்றார், கோணியின் வாயைப் பார்த்துக்கொண்டு. "தையில உங்கம்மாவ இட்டுனு வா."

அம்மா உள்ளேயிருந்து சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

அன்றும் வியாழக்கிழமை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. கேட்டில் செக்யூரிட்டி எழுந்து நின்று கோணியை வாங்கிக்கொண்டான். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே விரிப்பு இல்லை. வெறும் கறுப்புக் கல் பளபளவென்று கிடந்தது, விளிம்பில் மட்டும் விரிப்பின் அளவுக்கு ஒரு மங்கிய கோடு.

அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோட்டுக்கு வெளியே, சுவரோரமாக நின்றுகொண்டாள்.

செவ்வந்தி பதினேழை அழுத்தினாள். கதவு மூடுவதற்குள் குனிந்து, ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.