கண்ணாடியில் பார்த்த கை

பொம்மையைக் கொண்டுவந்து சலூன்காரரின் மேஜையில் பொத்தென்று போட்டாள் அவருடைய அக்கா. போன மாதம் அவள் வாங்கித் தந்தபோது அதற்கு இடுப்பு வரை கூந்தல் இருந்தது. இப்போது ஒட்ட வெட்டிய கிராப்போடு மல்லாந்து கிடந்தது.

அன்றைக்கு இரட்டைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வாங்கி வந்திருந்தாள். பையனுக்கு பிளாஸ்டிக் கத்தரி, சீப்பு, ஹேர் டிரையர் கொண்ட பெட்டி, கடைக்கு வாரிசாம். மகளுக்குப் பொம்மை, தலை பின்னி அழகு பார்க்க. வாரிசு அந்த டிரையரைத் துப்பாக்கியாக்கித் தெருவையே சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். மகளோ அப்பாவின் நிஜக் கத்தரியிலேயே கைவைத்துவிட்டாள்.

"பொம்பளப் புள்ளைக்கு இது என்ன புத்தி? இனிமே இவளைக் கடைப்பக்கமே விடாதே," என்றாள் அக்கா.

அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் பேச்சை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. மகள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். பள்ளி விட்டதும் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தார், பாவம்.

திட்டுவதற்காகத்தான் பொம்மையைக் கையில் எடுத்தார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? விரல் தானாகப் பிடரிக்குப் போனது. அளவு பிசகவில்லை, படிப்படியாக இறக்கியிருக்கிறாள். ஆனால் ஓரமெல்லாம் மென்று துப்பியது போலிருந்தது. வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால்தான் அப்படி மெல்லும்.

"நீ வலது கையாலதானே எழுதுவ? இதை ஏன் இடது கையில பிடிச்ச?"

"நீங்க அப்படித்தாம்பா பிடிப்பீங்க." மகள் எதிர்ச்சுவர்க் கண்ணாடியைக் காட்டினாள். "அதுல பாத்தேன்."

பெஞ்சிலிருந்து பார்த்தால் அவருடைய முதுகும் கண்ணாடியும்தான் தெரியும். இருபது வருடமாகக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கண்ணாடியில் தங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் அவருடைய கையைப் பார்த்திருக்கிறாள் என்றதும் அவர் பொம்மையின் பிடரியை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். சந்தோஷம்தான், வேறென்ன.

"இவ வருவாக்கா," என்றார். "தினமும் வருவா."

அக்கா எதையோ முணுமுணுத்தாள். ஆனால் கிளம்பவில்லை, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அவர் தானே துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். பின்னால் முக்காலி போட்டு மகளை ஏறச் சொன்னார். கத்தரியை அவளுடைய வலது கையில் வைத்து விரல்களைச் சரிசெய்தார். அவள் சந்தேகத்தோடு கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே நின்ற சிறுமி, அப்பாவைப் போலவே, இடது கையில் கத்தரியைப் பிடித்திருந்தாள்.