கேள்வி அவரைத்தான் கேட்டார்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஆத்திரத்தில் எழுதினால் கதை கெட்டுவிடும் என்று யாராவது புத்தி சொல்ல வந்தால் அவர்மேலும் ஆத்திரம் வரும். பேசாமல் படியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணையாகப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் கூடத்தில் எனக்கு எதிரே ஓர் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா வந்து அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "யூரின் போறப்ப எரியுதா?"

"இல்ல சிஸ்டர்" என்றான் மகன்.

எரிகிறதா இல்லையா என்று இவனுக்கு எப்படி ஐயா தெரியும்? நர்ஸும் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் யார், எவர், ஒன்றும் தெரியாது. இனிமேல் வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

எழுதி நிறுத்திய முதல் வரிகள்:

நீண்ட தாழ்வாரத்தின் முடிவில் அந்த முதியவர் — (ஐம்பத்தெட்டு வயதுக்காரரை முதியவர் என்றால் சும்மா விடுவாரா?)

மரணத்தின் நிழல் அவர்மேல் — (இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை. புற்றுநோய் என்றதும் நிழலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் எழுத்தாளர் புத்தியை எதில் கொண்டுபோய்ப் போடுவது?)

சரி, அவர் பேருந்து ஓட்டுநர். நெடுந்தூர வண்டி. டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் ஹாரன். அவர் வாயைத் திறந்தால் வண்டிக்குத் தனியாக ஒன்று வேண்டாம் என்பார்கள். [நான் பார்த்த மனிதர் வாயே திறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பெயர். வீம்புக்கு வைத்தேன்.]

3

ஹாரனுக்கு வந்தது ப்ராஸ்டேட் புற்றுநோய். நல்லவேளை, ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, எங்கும் பரவவில்லை. ஆனால் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. மனைவியிடம் அவர் யூரின் பிரச்சனை என்று சொல்லி வைத்திருந்தார். மகன் அதை "அப்பா விஷயம்" என்பான். சொந்தக்காரர்களிடம் கிட்னியில் கல் என்று.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வாரநாள் தவறாமல் வந்து கதிர்வீச்சு எடுப்பது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகும். இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டி, அந்தச் சுரப்பியை மட்டும் துல்லியமாகப் பார்த்துக் கொடுப்பது. ஐந்தே தடவை, இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அவருடைய நிலைமைக்கு இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்து தடவை முறையில் ஆரம்பத்தில் சிறுநீர்த் தொந்தரவு கொஞ்சம் கூடலாம். எதுவானாலும் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும் என்றார். ஹாரனுக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் செய்துவருவது அதுதானே. வழியில் நிறுத்தினால் பயணிகள் கத்துவார்கள், நிறுத்தாவிட்டால் அடிவயிறு கத்தும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று டாக்டரம்மா ஹாரனைக் கேட்டார்.

"ரெண்டு மாச ஃபுல் கோர்ஸே குடுத்துடுங்க டாக்டர்" என்றான் மகன்.

ஹாரன் தலையாட்டினார்.

எனக்கு இங்கே பேனா நின்றுவிட்டது. இந்த ஆள் ஏன் தலையாட்டினார்? இரண்டு மாதம் விடுப்பு போட்டால் டிப்போ கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள். கேட்டுக்குப் போனவன் எவனும் திரும்ப ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஓய்வு பெறுகிற அன்றுவரை வண்டி ஓட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. அப்படியிருக்க, ஐந்து தடவை என்றதும் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? பாத்திரம் பொய்யாகிறதே என்று அவர்மேலேயே கோபம் வந்து, தாளைக் கசக்கிப் போட்டேன்.

4

காரணம் பிறகுதான் பிடிபட்டது. அந்த ஐந்து தடவை சிகிச்சை அறையின் கதவுக்கு மேலே ஒரு பலகை வைத்தேன். நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ உட்கார்ந்து யோசித்து எழுதிய பலகை:

*குறுகிய காலக் குறிசார் கதிர்வீச்சுப் பிரிவு.*

ஹாரன் பலகை படித்தே காலம் தள்ளியவர். ஒரு பார்வையில் முக்கியமானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் கண். எடுத்துக்கொண்டது: குறுகிய. குறி. கதிர்வீச்சு.

அவர் மனதில் என்ன படம் ஓடியிருக்கும் என்று நான் விளக்கமாட்டேன். ஐந்தே தடவையில் சுருக்கிவிடுகிறார்கள் போலிருக்கிறது! டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். பெற்ற மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? அதனால்தான் இரண்டு மாதம் என்று மகன் சொன்னதும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

(சிரியுங்கள், நானும் சிரித்தேன். அப்புறம் வயிறு எரிந்தது. இலக்கு என்று ஒரு சொல் சும்மாதானே கிடக்கிறது? ஒரு மனிதன் தன் உடம்பைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க முடியாதபடி வளர்த்து வைத்திருக்கிறோமே, அதை எந்தப் பலகையில் எழுதுவது?)

5

விடுப்பு எடுக்கப்போவதை அவருடைய வண்டிக் கண்டக்டரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. டீக்கடையில் வைத்து, சுற்றி வளைத்து, பலகை விஷயத்தையும் சொல்லிவிட்டார். கண்டக்டருக்கு டீ புரையேறிவிட்டது.

"அண்ணே, அந்தக் குறி இல்லண்ணே. கல்லெறியறப்ப குறி பாப்போமே, அந்தக் குறி."

ஹாரனும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கண்டக்டர் சாதாரணமாக ஒன்று கேட்டார்: "அது சரி, கேள்வி உங்களத்தானே கேட்டாங்க? பையன் எதுக்குப் பதில் சொன்னான்?"

ஹாரன் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் கேள்வி கோபமாகிவிட்டது. தன்மேல் பாதி, மகன்மேல் பாதி.

மகன் கெட்டவன் இல்லை. அவனைக் கெட்டவனாக்கினால் எனக்கு வேலை சுலபம், செய்யமாட்டேன். அவன் சொன்னது இதுதான்: மாத்திரையே முழு கோர்ஸ் சாப்பிடாவிட்டால் ஆகாது, இது புற்றுநோய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அஞ்சோட நிறுத்திட்டா, அப்பாவுக்குக் குறைச்சுப் பண்ணிட்டான்னு நாலு பேர் பேசுவாங்கப்பா" என்றான்.

"கேன்சர் யாருக்குடா?" என்றார் ஹாரன். "அந்த நாலு பேருக்கா, எனக்கா?"

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவிதான் பேசினாள்.

"யூரின் பிரச்சனைன்னு நீங்க சொன்னதத்தான் நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். புருஷனுக்கு என்ன வியாதின்னு மருந்துச் சீட்டப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். ப்ராஸ்டேட். சொல்லுங்க ரெண்டு பேரும். வாயத் தொறந்து சொல்லுங்க."

இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவள் திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள். அன்று அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

6

முடிவுகள்.

அ) மறுநாள் அவர் ஐந்தைக் கேட்கிறார். குணமாகி, மலைப்பாதையில் வண்டியை ஒடித்துத் திருப்ப — (சினிமா. தவிர, எல்லாருக்கும் ஐந்துதான் மேல் என்று என் கதை விளம்பரம் ஆகிவிடும். யாருக்கு எது பொருந்தும் என்பதை அவரவர் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.)

ஆ) எல்லாம் விளங்கிய பிறகும் அவர் இரண்டு மாதத்தையே கேட்கிறார். ஆரம்பத் தொந்தரவோடு அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டமுடியாது என்பது அவருக்குத் தெரியாதா? கேட்டில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை என்று — (இதுவும் நடக்கும். ஏன் நடக்கக்கூடாது?)

இ) மகன் கதறி அழுது அப்பாவின் காலில் — (விடுங்கள்.)

மூன்றையும் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. மூன்றிலும் பதில் சொல்வது நான். அந்த மகனைத் திட்டத் தொடங்கிய நானே, எரியுதா என்று அவரைக் கேட்டதற்கு, இல்ல சிஸ்டர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல எழுத்தாளன்!

ஆகவே, முடிவை எழுதமாட்டேன். மறுநாள் அறையை மட்டும் தருகிறேன். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வைத்துவிட்டு ஹாரன் பக்கம் நாற்காலியைத் திருப்புகிறார். மனைவி அவர் வலதுபுறம் உட்கார்ந்திருக்கிறாள். இடதுபுற நாற்காலியிலிருந்து மகனை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். அங்கே உட்கார்ந்திருப்பது நீங்கள்.

"சொல்லுங்க, உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டாகிவிட்டது. ஹாரன் தொண்டையைச் செருமுகிறார். இதுவரை அவர் தன் வாயால் பதில் சொல்லாத கேள்வி, நேரம் எடுக்கும். உங்களுக்குப் பதில் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.