மெஷினுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசை கழிந்து கம்பெனி திறந்த நாளிலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற மெஷின் நின்று நின்றுதான் ஓடியது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. உள்ளே ஒரு பெட்டியும் சிக்கியிருக்காது. ஆனாலும் பெட்டி சிக்கிவிட்டதென்று சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, கூப்பாடு போட்டுவிட்டு நின்றுவிடும். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருமே பிள்ளை, அந்த மாதிரி.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இருக்கிறது அந்தக் கம்பெனி. குதிரைவாலியையும் சாமையையும் உமி நீக்கி, பாக்கெட் போட்டு, பெட்டிக்கு இருபது பாக்கெட்டாக லாரி ஏற்றுவார்கள். நிரம்பி வருகிற பெட்டியை இரண்டு பக்கமும் பெல்ட் பிடித்து இழுக்க, மேலும் கீழும் டேப் ஒட்டிக்கொள்ளும். போகிற வழியில் ஒரு பக்கம் சென்சார் கண், எதிர்ப்பக்கம் பழைய எட்டணா அகலத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி. கண்ணிலிருந்து போகிற வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் வழி காலி என்று அர்த்தம். திரும்பாவிட்டால் பெட்டி நிற்கிறது. ஆறு விநாடிக்கு மேல் நின்றால் சிக்கிவிட்டது. இதற்கு மேல் அந்த மெஷினுக்கு விவரம் போதாது.

விவரம் நிறைய இருந்தது மனுசர்களுக்குத்தான். மெஷினை ஓட்டுகிறவள் துர்காதேவி. அவளுடைய புருசன் சதீஸ்குமார் லாரி மோதிச் செத்து மூன்று வருசம் ஆகிறது. ஆயுத பூசையன்று அவரவர் மெஷினுக்கு அவரவர் சந்தனம் குங்குமம் வைப்பது அங்கே வழக்கம். இரண்டு வருசமாகத் துர்கா கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றாள். இந்த வருசம் பாக்கெட் போடுகிற முனீஸ்வரி விடவில்லை. “உன் மிசினுக்கு நீ வைக்காம மொதலாளி வீட்டம்மாவா வந்து வைப்பாக?” என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். மோட்டாருக்கு ஒன்று, சுவிட்சுப் பெட்டிக்கு ஒன்று, முன்கால் இரண்டுக்கும் ஒவ்வொன்று.  அன்றைக்குத் துர்காவுக்கு இருந்த சந்தோசம், வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட இருந்ததில்லை.

அதற்கப்புறம்தான் மெஷின் நிற்க ஆரம்பித்தது. அவள் பொட்டு வைத்ததால்தான் என்று வாய்விட்டுச் சொன்னவர் யாருமில்லை. அப்படி நினைக்காதவரும் யாருமில்லை. நாலாம் நாள் அவளே நினைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கம்பெனி எலெக்ட்ரீசியன் நாகராஜ் சும்மா இருக்கவில்லை, பாவம். காற்றுக் குழாயைப் பிடித்து உமித்தூசியை ஊதினார். சென்சாரையே கழற்றி வேறு மாட்டினார். மெஷின் விற்ற கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டார். அவர் சென்சாரைத் துடைக்கச் சொன்னார். நாகராஜ் அது தேய்ந்து போகிற அளவுக்குத் துடைத்தார். ஊதினால் அரைமணி நேரம் ஓடும், மறுபடி கூப்பாடு.

இத்தனையையும் துர்கா தாங்கிக்கொள்வாள். தாங்க முடியாதது கருத்தம்மாளின் மௌனம். கருத்தம்மாள் அவளுடைய மாமியார். அதே கூடத்தில் தட்டையான அட்டைகளை விரித்துப் பெட்டியாக மடித்துக் கொடுப்பவள். மகன் செத்த பதினாறாம் நாள் மருமகளின் வளையலை உடைக்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய பொம்பளை. மல்லாங்கிணற்றிலிருந்து அப்பா வந்து கூப்பிட்டபோது, “அத்தைய விட்டுட்டு வரமாட்டேன்” என்று துர்கா சொன்னது அந்த மனசுக்காகத்தான். அப்பேர்ப்பட்டவள் நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. கம்பெனி வேனில் ஒரே சீட்டில்தான் வருகிறார்கள், ஆனால் அத்தை சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஊர் நினைக்கிறதையே இவளும் நினைக்கிறாள் என்று துர்கா எடுத்துக்கொண்டாள்.

அன்று டீ நேரத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் ராமசுப்பு வந்து தொண்டையைக் கனைத்தார். “ஏம்மா, திங்கக்கெழமைலருந்து நீ கல்லு பொறுக்குற பக்கம் போயிரு. கொஞ்ச நாளைக்குத்தான். ஒன்னைய நான் ஒண்ணும் சொல்லல. நாலு பேரு வாயி இருக்குல்ல.”

“இன்னைக்கு ஒரு நாள் நானே பாத்துக்கிறேன் சார்” என்றாள் துர்கா. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று வருசம் ஓட்டிய மெஷின். அதன் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தெரியும்.

எல்லோரும் டீக்குப் போனபோது தரையில் உட்கார்ந்து சென்சாரையே பார்த்தாள். அதன் முதுகில் மஞ்சளாகக் குட்டி விளக்கு ஒன்று உண்டு. வெளிச்சம் சரியாகத் திரும்பினால் அசையாமல் எரியும். இப்போது வழியில் ஒன்றுமில்லாதபோதே அது சிமிட்டிக்கொண்டிருந்தது. நாகராஜைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, கண்ணத் தொடச்சீக. எதுத்தாப்புல இருக்க கண்ணாடியத் தொடச்சீகளா?”

நாகராஜ் டீக்கிளாசோடு வந்து நின்றார். “அதுல என்னத்தா இருக்கு? ஒயரா, கியரா? அது சும்மா கண்ணாடி.”

துர்கா எழுந்து போய் மெஷினை முழுசாக அணைத்தாள். கண்ணாடி பெல்ட்டின் மூடிக்குப் பின்னால், தலை நுழையாத இடத்தில் இருந்தது. கையை விட்டுத் தடவினாள். நடுவில் காய்ந்து மேடாக ஏதோ தட்டுப்பட்டது. செல்போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தாள்.

கண்ணாடியின் நட்டநடுவில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் உமித்தூசி படிந்திருந்தது, நடுவில் குங்குமத்தின் சிவப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. கண்ணாடியில் பாதிதான் வேலை செய்திருக்கிறது. தூசி ஏற ஏற அந்தப் பாதியும் போய்விடும்.

டீ முடிந்து வந்த கூட்டம் சுற்றிக்கொண்டது. ராமசுப்பு போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “பொட்டு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எல்லோருடைய கண்ணும் துர்காவிடம் திரும்பியது.

அவள் வைத்தவை நாலு. ஒன்றுகூடக் கண்ணாடியில் இல்லை. அந்தக் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஈயைக்கூட உட்கார விடாதவள் அவள். பின்னே யார் வைத்தது என்று நிமிர்ந்தபோது, கருத்தம்மாள் பாதி மடித்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் துர்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாலு நாள் மௌனமும் புரிந்தது. அத்தை நாலு பேருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதை அவளால் பார்க்க முடியாது.

“நான்தான் சார். தெரியாம வச்சிட்டேன்” என்றாள்.

“அவ வைக்கல” என்றாள் கருத்தம்மாள். பெட்டியைக் கீழே வைத்தாள். “நான் வச்சேன். அன்னைக்கு எல்லாரும் பொரி வாங்கப் போயிட்டீக. எனக்கு மனசு கேக்கல. நாளைக்கு மிசினுக்கு ஒண்ணுன்னா இவளத்தான சொல்லுவீக. அதுக்கு முன்னாடி என் கையால ஒண்ணு வச்சிருவோம்னு போனேன். மூடி இடுக்குல வட்டமா, மினுமினுன்னு மனுசரு நெத்தி மாதிரி தெரிஞ்சுச்சு. கைய விட்டு அதுல வச்சிட்டேன்.”

 அவள் ராமசுப்புவுக்கு நேராகத் திரும்பினாள்.

“புருசன் உசுரோட இருக்கவ, நான் வச்ச பொட்டுய்யா இது. இதுதான் நாலு நாளா மிசின நிப்பாட்டுச்சு. அவ வச்ச நாலு பொட்டும் அந்தா, அங்கனதான் இருக்கு. அதுல என்ன கொறை கண்டீக? சொல்லுங்க.”

 ராமசுப்பு போனைத் துர்காவிடம் கொடுத்துவிட்டு, “நீ இங்கனயே இரும்மா” என்று முனகிக்கொண்டே ஆபீஸ் பக்கம் நடந்தார். முனீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாகராஜ் ஈரத்துணியை எடுத்து வந்து, கண்ணாடியைத் துடைக்கச் சொல்லித் துர்காவிடமே கொடுத்தார். அவருக்கு அந்த நாசூக்கு இருந்தது.

துடைத்ததும் மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்தது. பெல்ட் ஓடியது. ஆட்கள் அவரவர் இடத்துக்குப் போனபிறகு கருத்தம்மாள் பக்கத்தில் வந்தாள்.

“சொல்ல வாயி வரலத்தா. சொன்னா, ஒன் கைய நான் நம்பலன்னு ஆயிரும்.”

“எனக்காகத்தான வச்சீக, அத்தை.”

“ஒனக்காகத்தான். ஆனா நம்பாமத்தான் வச்சேன். வளையல ஒடைக்க விடாத எனக்கே அந்தப் பயம் உள்ள கெடந்துருக்கு பாத்தியா.”

அந்த உண்மையை அத்தை மறைத்திருக்கலாம். மறைக்காமல் சொன்னதுதான் துர்காவை உடைத்தது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, கம்பெனிக்குள் ஒருநாளும் அழாதவள் தேம்பித் தேம்பி அழுதாள். கருத்தம்மாள் கையை உருவிக்கொள்ளாமல், இன்னொரு கையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“பெட்டி வருது பாரு” என்றாள். “ஒன் மிசின நீ ஓட்டு.”