தேங்காய் நோட்

காமினியைக் கண்டாலே எனக்கு எரியும். பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. அவள் சிரித்தால் எரியும், சிரிக்காவிட்டாலும் எரியும்.

அவள் ராமதாஸ் அண்ணனின் மருமகள். அவர் மகன் கிஷனைக் கட்டிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாம் ஊரிலிருந்து வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ராமதாஸ் அண்ணன் எங்கள் தண்ணீர்ப்பந்தலுக்குத் தலைவர். தைப்பூசத்துக்கு முதல் நாள் இரதம் டத்தோ கெராமட் சாலை வழியாக வரும்போது எங்கள் பந்தலில் மோரும் சாப்பாடும் கொடுப்போம். இரதம் வந்து நின்றதும் குவித்து வைத்த தேங்காய்களைச் சாலையில் உடைப்போம். பிறகு பந்தல் சார்பாக ஒருவர் அர்ச்சனைத் தட்டை ஏந்திப் போய்க் கொடுக்க வேண்டும். அந்தத் தட்டு பல வருடமாக என் கையில்தான் இருந்தது.

சும்மா இல்லை. பந்தல் வேலை மொத்தமும் என் தலையில்தான் ஓடும். தை மாதம் பிறந்தால் என் போன் ஓயாது. "குமுதா, தயிர் சொல்லியாச்சா? குமுதா, கூடாரம் யாரு கொண்டாறா?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் முறைப்பார். நான் சலித்துக்கொள்வேன். ஆனால் உள்ளுக்குள் இனிக்கும்.

இந்த வருடம் முதல் கூட்டத்திலேயே காமினி எல்லார் போனிலும் ஒரு நோட் ஆப்பை ஏற்றிவிட்டாள். தயிருக்கு ஒரு நோட், கூடாரத்துக்கு ஒன்று, தேங்காய்க்கு ஒன்று.

"வேலை முடிஞ்சா அந்த நோட்ட அழிக்காதீங்க, ஆர்கைவ் பண்ணுங்க. முன்னால நிக்கறது எல்லாம் செய்ய வேண்டிய வேலை. உள்ள போனது முடிஞ்ச வேலை. அதப் பத்தி யாரும் போன் போட்டுக் கேக்கவே வேணாம் லா" என்றாள்.

எல்லாரும் மண்டையை மண்டையை ஆட்டினார்கள். அன்றோடு என் போன் செத்தது. கேன்டீனில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். தயிர் நோட் உள்ளே போயிருக்கும். மறுநாள் கூடாரமும் போயிருக்கும். என்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கடைசிக் கூட்டத்தில் ராமதாஸ் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் தடவ தட்டக் காமினி கொடுக்கட்டுமே. புது மருமக, வேலையும் ஜோரா செய்யுது. என்ன குமுதா?" என்று கேட்டார்.

"அதுக்கென்னண்ணே, தாராளமா" என்றேன். சிரித்துக்கொண்டே அதைச் சொல்ல எனக்குக் கன்னம் வலித்தது.

மறுநாள் கேன்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. ஆப்பைத் திறந்தேன். தேங்காய் நோட் முன்னால் நின்றது. பந்தலுக்குத் தேங்காய் எடுக்கும் வேலு அண்ணன் பாலிக் புலாவ் தோட்டத்துக்குப் போன் செய்து காய்க்கு ஆர்டர் சொல்ல வேண்டும். அவர் இன்னும் சொல்லவில்லை. நான் அதை ஆர்கைவ் செய்தேன். விரல் ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான். இனி வேலு அண்ணன் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள் என்று இருந்துவிடுவார். இரதம் வந்து நிற்கும்போது பந்தலில் ஒரு காய்கூட இருக்காது. அப்போது மாமனார் மருமகளின் ஆப்பை மெச்சட்டும், பார்க்கலாம். ஆறிப்போன மீயை ருசித்துச் சாப்பிட்டேன்.

இரதம் வரும் நாள் காலையில் பந்தலுக்குப் போனேன். மோர் தயார், சாப்பாடு தயார். தேங்காய் குவிக்கும் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. காமினியையும் காணோம். ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது என் மகன் ஷர்வின் விந்தி விந்தி வந்து பக்கத்தில் நின்றான். "ம்மா, நம்ம காய் எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருடம் மோட்டார் விபத்தில் அடிபட்டுக் கிடந்தான். அவன் எழுந்து நடந்தால் அவன் கையாலேயே காய் உடைக்க வைக்கிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தேன். அந்த வேண்டுதல் காய்களையும் பந்தல் காயோடு சேர்த்தே வாங்கச் சொல்லியிருந்தேன். அதே நோட்டில்தான் அதுவும் இருந்தது. அவள் மேலிருந்த ஆத்திரத்தில் பெற்ற பிள்ளைக்கு வேண்டியதையே மறந்திருக்கிறேன். தூரத்தில் மேளம் கேட்டது. முருகா, எவளிடமாவது தோற்றுப்போகிறேன், காய் மட்டும் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மேளம் நெருங்குவதற்குள் ஒரு லோரி வந்து நின்றது. கிஷன் ஓட்டி வந்தான். பக்கத்திலிருந்து காமினி குதித்து இறங்கினாள், தலையெல்லாம் தேங்காய் நார்.

"சாக்குல இருக்கறது குமுதாக்கா வேண்டுதல் காய். அதத் தனியா வைங்க" என்று ஆட்களிடம் கத்தினாள். பிறகு மாமனாரிடம் போய், "மாமா, அக்காவுக்கு வேண்டுதல் இருக்கு. தட்ட அவங்களே கொடுக்கட்டும்" என்றாள்.

ராமதாஸ் அண்ணன் தட்டை என் கையில் கொடுத்தார். இரதம் வந்தது. ஷர்வின் காயை ஓங்கி உடைத்தான், தேங்காய்த் தண்ணீர் என் காலில் தெறித்தது. அழுதேன். பிள்ளைக்காகத்தான் அழுதேன். கூடவே, நான் ஏங்கிய தட்டு அவள் கொடுத்துக் கிடைத்ததே என்றும் அழுதேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசி ரெண்டு நாள் நான் ஆர்கைவ ஒரு தடவ பாத்துருவேன்கா. எங்க அம்மா வீட்டுப் பழக்கம், கேஸ் அடுப்பு மூடியாச்சான்னு ரெண்டாவது தடவ பாக்கற மாதிரி. அதுல யாரு எப்ப உள்ள போட்டாங்கன்னு பேரு காட்டும்."

என் கை நுரையோடு நின்றது.

"யாருகிட்ட சொன்ன?"

"எதக்கா?" என்றாள். "எல்லா நோட்டும் உள்ள போட்டுட்டேன். தேங்காய் மட்டும் வெளிய நிக்குது. அத நீங்களே போட்டுருங்க. இப்ப முடிஞ்சிருச்சுல்ல."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் போனைத் திறந்தேன். தள்ளினேன். நோட் உள்ளே போனது. கீழே என் பெயர் விழுந்தது, முன்பு விழுந்த என் பெயருக்கு அடியிலேயே.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு என் பக்கத்திலிருந்த அண்டாவைத் தன் பக்கம் இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அவளுக்கு அது தோன்றவே இல்லை. வேறு எதற்கும் இல்லை, இப்போது அதற்குத்தான் எரிகிறது.