வடிவு வீட்டில் தங்கிய வெள்ளம்

அறுபத்தாறாம் ஆண்டு கார்த்திகையில் பாலாற்றில் வந்த வெள்ளம் மூன்றாம் நாள் கீழாத்தூரை விட்டு வடிந்தது. வடிவின் வீட்டை விட்டு மட்டும் வடியவில்லை. கதவு திறந்தே கிடந்தது, தெருவில் புழுதி பறந்தது, உள்ளே முழங்கால் அளவுக்குக் கலங்கிய தண்ணீர் நிலைப்படியோடு வெட்டி வைத்தாற்போல் நின்றது. காலனி ஆண்கள் பத்துப் பேர் பகல் முழுக்க இறைத்தும் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஓவர்சியர் அளந்து பார்த்து, ஊற்று என்று எழுதிக்கொண்டு போனார்.

வடிவின் புருஷன் வீராசாமியை அந்த வெள்ளம்தான் கொண்டுபோனது. ஊரில் மேடான இடம் நிலக்காரர் கண்ணாயிரத்தின் நெற்களம் ஒன்றுதான். சுற்றிலும் மதில், இரும்புக் கதவு. தண்ணீர் ஏறியபோது வீராசாமி முன்னால் ஓடி அந்தக் கதவைத் தட்டினான். உள்ளே நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன, கதவு திறக்கவில்லை. பின்னால் வந்த காலனிக்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பனைமரங்களில் ஏறிப் பிழைத்தார்கள். திருமுக்கூடல் வரைக்கும் தேடியும் அவன் உடல் கிடைக்கவில்லை. ஆனால் தினமும் உச்சிவேளையில், யாரோ தண்ணீரில் நடக்கும் சத்தம் அந்த வீட்டு வாசலில் புறப்பட்டு அடுப்பங்கரை வரை போய் நின்றது. முதல் மாதம் வடிவு பயந்துபோய்த் தங்கை லில்லியின் வீட்டில் இருந்தாள்.

"பேய் ஊட்டுக்கா திரும்பிப் போற?" என்று லில்லி அழுதாள்.

"பேய்னா இன்னாடீ, அது என் ஊட்டுக்காரரு" என்று வடிவு திரும்பிப் போனாள். கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கினாள், அடுப்பை மேசைமேல் ஏற்றினாள், பிள்ளையார்பாளையத்திலிருந்து கொண்டுவந்த பட்டுநூலைக் கட்டிலில் உட்கார்ந்தே சுற்றினாள். அந்த நூலில் நெய்த புடவைகள் எந்த வெயிலிலும் ஓரம் காயவில்லை என்பார்கள். வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

அறுபத்தொன்பது கோடையில் கிணறுகள் வறண்டன. காலனிக்காரர்கள் வடிவின் வீட்டில் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். கடைசியில், அந்தத் தெருவில் அதுவரை கால் வைத்திராத கண்ணாயிரமும் வந்து வாசலில் நின்று குடத்தை நீட்டினார்.

"மொண்டு குடு வடிவு."

"நீங்களே உள்ள வந்து மொண்டுக்கினு போங்க."

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். உச்சிவேளை. வாசலில் புறப்பட்ட நடை அடுப்பங்கரைக்குப் போகாமல் அவர் முன்னால் வந்து நின்றது. இரண்டரை வருஷமாக நடை மட்டுமே கேட்ட தண்ணீரில் அன்று குரல் கேட்டது.

"கதவத் தொறங்கய்யா. புள்ளைங்க நனையுதுங்க."

குடம் அவர் கையை விட்டு மிதந்து போனது. "நெல்லு போயிடும்னு பாத்தேம்பா" என்றார், தண்ணீரைப் பார்த்து. வடிவு இறங்கிப் போய்க் குடத்தை நிரப்பி அவர் தோளில் வைத்தாள். மறுநாள் கண்ணாயிரம் ஆள் வைத்துக் களத்துக் கதவைக் கழற்றிப் போட்டார்.

அடுத்த வருஷம் மறுபடி வெள்ளம் வந்தது. கதவில்லாத களத்தில் காலனி முழுக்க ஏறி நின்றது. ஓர் உயிரும் போகவில்லை. வடிந்ததும் வடிவுக்கு ஒரே நினைப்பு. தன் வீட்டுத் தண்ணீரும் கூடவே போயிருந்தால்? சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். அது முழங்கால் அளவுக்கு அப்படியே நின்றுகொண்டிருந்தது.

எழுபத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த சபாபதி வாத்தியார், செருப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ரெண்டு பேரு."

அடுப்பங்கரைப் பக்கம் தண்ணீர் சலசலத்தது. வாத்தியார் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அவருக்கு வயசு இன்னாமா?"

"போறப்ப முப்பத்திரெண்டு. இப்ப முப்பத்தாறு."

வாத்தியார் முப்பத்தாறு என்று எழுதிக்கொண்டார்.