கண்ணாடிக் குதிரை பாடிய தட்டு

என் கணவர் ரதோமிர் இறந்த நாற்பதாம் நாள், கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, சர்க்கரை கலந்து அவித்த கோதுமையை எல்லோருக்கும் ஆளுக்கொரு கரண்டி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். இறந்தவருடைய உடைகளை அன்று ஆன்மாவின் பேரில் பிறருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவருடைய நல்ல கம்பளிக் கோட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. உறவினர்கள் கிளம்பிய பிறகும் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். பல் மருத்துவர் வுகாஷின், பூகோள வாத்தியார் ஓஸ்தோயா. இருவர் கையிலும் வெள்ளைக் கையுறை.

இவர்கள் என் கணவரின் சங்கத்தார். அறுபதுகளின் கடைசியில் நீள முடி வைத்த பையன்கள் கிதாரை அழவிட்டு, ஒலிநாடாவைத் தலைகீழாக ஓட்டி, ஊதா நிற மேகங்களைப் பற்றிப் பாடிய சைகடெலிக் ராக் இசைத்தட்டுகளைச் சேர்க்கிறவர்கள். சேர்ப்பார்கள், கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் பிளேயரின் முள் தட்டைக் கொஞ்சம் தின்றுவிடுமாம். அதனால் ஞாயிறுதோறும் கூடி, தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி உறையில் போடுவார்கள். அவர்கள் பேச்சில் 'நல்லது' என்றால் குப்பையில் போடவேண்டிய தட்டு என்று பொருள். மருத்துவமனையில் டாக்டர் வந்து "நல்லா இருக்கார்" என்று சொன்னபோது ஓஸ்தோயாவின் முகம் வெளுத்துப்போனது. டாக்டரைவிட அவர்தான் சரியாகக் கணித்திருந்தார்.

சங்கத்தில் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் நாற்பதாம் நாளில் ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொள்வது அவர்களே வகுத்த சடங்கு. கோட்டுக்குப் பதில் தட்டு. ஆன்மா சாந்தியடையும் என்றார்கள். யாருடைய ஆன்மா என்று நான் கேட்கவில்லை.

ஓஸ்தோயா ஏதோ ஒரு லண்டன் தட்டை எடுத்தார். வுகாஷின் தடுமாறாமல் அலமாரியின் மேலடுக்குக்குப் போய் 'கண்ணாடிக் குதிரை'யை உருவினார். அது என் கணவர் பத்தொன்பது வயதில் பாடிய குழுவின் பெயர். அந்தக் குழு போட்ட ஒரே தட்டு. மற்ற பிரதிகள் விருந்துகளில் தேய்ந்தும் அடுப்படியில் உருகியும் போய், தேயாமல் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று நாடெங்கும் உள்ள பைத்தியங்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"கொண்டுபோ வுகாஷின். ஆனா ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டிட்டுப் போ" என்றேன்.

குழந்தையைக் கொல்லச் சொன்னதுபோல அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "அண்ணி! இதையா? போடறதா?"

"நீ பல் டாக்டர்தானே? பல்லை மெல்லுறதுக்கு வெச்சிருக்கியா, கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கியா?"

"உங்க பிளேயர்லயா? அது பிளேயர் இல்ல அண்ணி, டிராக்டர்" என்றார் ஓஸ்தோயா.

நான் வாசற்கதவுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அவர் குரலை நான் கேக்கணும். கேக்காம இது இந்தப் படியைத் தாண்டாது. அவசரம் இல்லைன்னா என்னோட நாற்பதாம் நாளுக்கு வாங்க."

விஷயம் இதுதான். புற்று வந்து ரதோமிரின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துத் துளையால் மூச்சுவிட்டபடி, கையை அசைத்தும் மேசையைத் தட்டியும் சில வருஷங்கள் வாழ்ந்தார். அவர் போன பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவும்போதுதான் தெரிந்தது, அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பது எனக்கு ஞாபகமில்லை. சொல் ஞாபகம் இருந்தது, சத்தம் இல்லை. புகைப்படங்கள் பெட்டி நிறைய இருந்தன. குரல் அந்தத் தட்டில் மட்டும்தான் இருந்தது. நான் அவரைச் சந்திப்பதற்குள் குழு கலைந்துவிட்டதால் அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. போடச் சொல்லிக் கேட்டால், "தேஞ்சுடும் ரூஜா" என்பார், குரல் இருந்த காலத்தில்.

கடைசியில் இறங்கி வந்தார்கள். வுகாஷின் வீட்டிலிருந்து அவருடைய பிளேயர் வந்தது. மேசை சமமாக இருக்கிறதா என்று கொத்தனார் மட்டப் பலகை வைத்துப் பார்த்தார்கள். முள்ளைத் தராசில் நிறுத்தார்கள். காய்ச்சி வடித்த நீரில் தட்டைக் குளிப்பாட்டினார்கள். என் கணவரின் உடலைக்கூட அவ்வளவு பக்குவமாக யாரும் குளிப்பாட்டவில்லை. வுகாஷின் சிலுவை போட்டுக்கொண்டு முள்ளை இறக்கினார்.

பித்தளை வாத்தியங்கள் முழங்கின. பிறகு ஒரு பெரிய கூட்டம் பாடியது:

*தீவனம் தருவோம், தீவனம் தருவோம், தாயகக் கன்றுக்குத் தீவனம் தருவோம்!*

வுகாஷின் குனிந்து உறையில் இருந்த பெயரை மறுபடி படித்தார்.

"கிண்டல் பண்றாங்க" என்று ஓஸ்தோயா மெல்லச் சொன்னார். "அந்தக் காலத்துலயே எவ்வளவு துணிச்சல் பாருங்க!"

வுகாஷின் கண்ணை மூடித் தலையாட்டினார். "மாட்டை நம்ம சமூகத்தோட உருவகமா வெச்சிருக்கான். ரதோ, நீ மேதைடா."

அடுத்து ஒரு கனத்த குரல், தீவனத் தொழிற்சாலையின் இயக்குநர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஆண்டு விழாவில் கூடியிருந்த தோழர்களுக்கு மக்காச்சோளத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கியது. உருவகம் அதோடு முடிந்தது. தட்டுகளை அச்சடித்த ஆலையில் இரண்டு தட்டுகளின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு இவர்கள் கும்பிட்டது மாட்டுத் தீவனத்தை.

அழப்போகிறார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவர எழுந்தேன். வுகாஷின் ஓஸ்தோயாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

"லேபிள் மாறின பிரதி! அண்ணி, இது இன்னும் அபூர்வம்! உலகத்துலயே ஒண்ணுதான்!"

"அவர் குரல் எங்க வுகாஷின்?"

"குரலா?" என்றார், நான் சம்பந்தமில்லாமல் எதையோ கேட்டதுபோல. தட்டை உறைக்குள் உறையாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். ஓஸ்தோயா தன் லண்டன் தட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று படியிறங்கும்வரை அவரிடம் கெஞ்சிக்கொண்டே போனார்.

தங்கள் பிளேயரையும் தூக்கிப் போய்விட்டார்கள். நான் காலி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். தீவனப் பாட்டு இந்த லேபிளுக்கு வந்தது என்றால், கண்ணாடிக் குதிரைப் பையன்கள் தீவன லேபிளுக்குப் போயிருக்க வேண்டும். அந்த இரண்டு நிபுணர்களுக்கும் இது தோன்றவில்லை. தீவனத் தொழிற்சாலைப் பாட்டைச் சேர்க்கிறவன் உலகத்தில் இல்லை.

தட்டில் அந்த இயக்குநர் சொன்ன ஊரைத் தேடி, அந்த வாரமே பனாத் சமவெளிப் பக்கம் பஸ் ஏறினேன். தொழிற்சாலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதன் எதிர்வீட்டில் மிலுங்கா என்ற ஓய்வுபெற்ற தொழிலாளி காப்பி வைத்துக் கொடுத்தாள்.

"அந்தத் தட்டா? ஆண்டு விழாவுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. கூட ஒரு சலாமிக் கறியும் குடுத்தாங்க. சலாமி நல்லாருந்துச்சுக்கா."

"போட்டுக் கேட்டீங்களா?"

"ஒருக்கா கேட்டோம். டைரக்டருக்கு வலிப்பு வந்திருச்சுன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரர் கட்சிக்காரர் வேற. 'மேலிடம் குடுத்தது, வாயைத் திறக்காதடி'ன்னுட்டார். பக்கத்து வீட்லயும் அதே அலறல் கேட்டுச்சு. அவங்களும் வாயைத் திறக்கல. மறுநாள் ஃபாக்டரில எல்லாரும் பாட்டு பிரமாதம்னு டைரக்டர் கையைக் குலுக்கினோம்."

"இப்ப அது எங்க?"

அவள் சன்னலைக் காட்டினாள். ஜெரேனியப் பூந்தொட்டி ஒன்றின் கீழே, தண்ணீர் வழியாமல் இருக்க, சேறு அப்பிய கறுப்புத் தட்டு. குழாயடியில் பாத்திரச் சோப்பும் நாரும் போட்டுத் தேய்த்தோம். கொட்டகையிலிருந்து மிலுங்காவின் பழைய பிளேயர் வந்தது. அதன் முள்ளை ஓஸ்தோயா பார்த்திருந்தால் அவருக்கும் ஒரு நாற்பதாம் நாள் நடந்திருக்கும்.

எண்ணெய் கொதிப்பதுபோல ஒரு சத்தம். வாலை மிதித்த பூனைபோல ஒரு கிதார். பிறகு டான்யூப் நதிக்கு மேலே பறக்கும் ஊதா யானையைப் பற்றி ஒருவன், தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே நடந்துகொண்டு, மூக்கால் பாடினான்.

"யாருக்கா இந்தப் பய? கொட்டாவி விடுறானா?" என்றாள் மிலுங்கா.

"என் வீட்டுக்காரர்."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "குரல் என்னவோ நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. சகிக்கல" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது, என்னால் நிறுத்த முடியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டாவது அடியில் முள் மாட்டிக்கொண்டது. யானை, யானை, யானை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மிலுங்கா முள்ளைத் தூக்கக் கை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க. தேஞ்சா தேயட்டும்."

ஒவ்வொரு யானைக்கும் முன்னால் அவர் வாய் வழியாக மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.